யாரு 'வேண்டாம்'னு சொல்றா? ரீட்-ஒன்லி பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி

இந்த எபிசோடு நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல அடிக்கடி வர்ற ஒரு எரிச்சலைப் பத்தி. ஒரு ஃபோல்டரைத் திறக்குறீங்க. உள்ள இருக்குற ஃபைலைப் படிக்க முடியுது. ஆனா ஒரு எழுத்தை மாத்தி சேவ் பண்ணப் போனா விட மாட்டேங்குது. இல்லைனா பென் டிரைவைச் செருகுறீங்க. பழைய போட்டோ எல்லாம் பளிச்சுனு தெரியுது. புதுசா ஒண்ணு போடவும் முடியலை, இருக்குறதை அழிக்கவும் முடியலை. எல்லாமே 'ரீட்-ஒன்லி'.

இதுக்கு என்ன வழின்னு தேடினா ஒரே மாதிரி பதில்தான் வரும். அந்த டிக்கை எடு, இந்த கமாண்டைப் போடு, எதுவும் நடக்கலையா, ஃபார்மேட் பண்ணு. கடைசியா சொன்னது சில சமயம் வேலையும் செய்யும். ஆனா உள்ள இருந்ததெல்லாம் போயிடும்.

என்னைக் கேட்டா ரீட்-ஒன்லிங்கறது ஒரு நோய் கிடையாது, காய்ச்சல் மாதிரி ஒரு அறிகுறி. பின்னாடி ஆறேழு காரணம் இருக்கலாம். ஒவ்வொண்ணுலயும் 'எழுதாதே'னு சொல்ற ஆள் வேற. யாரு சொல்றாங்கன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. கண்டுபிடிக்காம பூட்டை உடைச்சா, உடையக் கூடாதது உடையும். இன்னைக்குப் பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 வெச்சுப் பேசுறேன். நடுவுல மேக், லினக்ஸ் கொஞ்சம் வரும்.

முதல்ல எர்ரர் செய்தியை முழுசாப் படிங்க

நம்மில் பல பேர் எர்ரர் பாக்ஸ் வந்ததும் படிக்காமலே ஓகே அமுக்கிடுவோம். இந்த விஷயத்துல அந்த வாசகம்தான் துப்பு.

'ஆக்சஸ் டினைட்'னு வந்தாலோ, இல்ல 'அட்மினிஸ்ட்ரேட்டர் பெர்மிஷன் வேணும்'னு வந்தாலோ, விண்டோஸ் உங்களைத்தான் தடுக்குது. டிரைவ்ல கோளாறு இல்ல, உங்களுக்கு அங்க உரிமை இல்லைன்னு அர்த்தம். விண்டோஸ் உள்கணக்குல இது 5-ஆம் நம்பர் எர்ரர்.

'தி டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்'னு வந்தா கதை வேற. அது 19-ஆம் நம்பர். இங்க தடுக்குறது டிரைவ் பக்கத்துல இருந்து. நீங்க அட்மினா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி, யாருக்கும் கிடையாது.

அடுத்து உங்களையே மூணு கேள்வி கேளுங்க. ஒரு ஃபோல்டர்ல மட்டும்தானா, இல்ல முழு டிரைவுமா? ஒரு ஆப்ல மட்டும்தானா, இல்ல எல்லா ஆப்லயுமா? வேற கம்ப்யூட்டர்ல செருகினாலும் இதே கதையா? இந்த மூணு பதிலை வெச்சே எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்சிடும்.

அந்தக் குட்டிச் சதுரம் உங்களை ஏமாத்துது

பெரும்பாலானவங்க முதல்ல மாட்டுற இடம் இது. ஃபோல்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ். கீழே 'ரீட்-ஒன்லி'னு ஒரு பெட்டி, அதுக்குள்ள டிக் இல்லாம ஒரு சதுரம் நிரம்பி இருக்கும். அதை எடுத்து அப்ளை கொடுக்குறீங்க. மறுபடி திறந்தா அந்தச் சதுரம் திரும்பி வந்து உக்காந்திருக்கும். பத்து தடவை எடுத்தாலும் பத்து தடவை வரும்.

பதற வேண்டாம். அது உங்க ஃபோல்டரோட நிலைமையைச் சொல்லவே இல்ல. ஃபோல்டரைப் பொறுத்தவரை அந்தப் பெட்டி 'உள்ள இருக்குற ஃபைல்களை என்ன செய்யட்டும்'னு உங்ககிட்ட கேக்குற ஒரு கேள்வி. சதுரம்னா 'இப்போதைக்கு எதையும் தொடலை'னு அர்த்தம். விண்டோஸ்ல ரீட்-ஒன்லிங்கற அடையாளம் ஃபைலுக்குத்தான் பூட்டு. ஒரு ஃபோல்டர் மேல அந்த அடையாளம் இருந்தா, 'இது தனி ஐகான், தனி அமைப்பு வெச்ச ஃபோல்டர்'னு விண்டோஸ் தனக்குத்தானே எழுதி வெச்சுக்குற குறிப்பு, அவ்வளவுதான்.

அதனால அந்தச் சதுரத்தோட மல்லுக்கட்டாதீங்க. ஃபோல்டருக்குள்ள போய், மாற மாட்டேங்குற ஒரு தனி ஃபைலோட ப்ராப்பர்டீஸைப் பாருங்க. அங்க உண்மையான டிக் இருந்தா, அதுதான் காரணம். எடுத்துட்டா முடிஞ்சுது. நிறைய ஃபைல்னா கன்ட்ரோல்-ஏ போட்டு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே நேரத்துல எடுக்கலாம்.

பேர் ஒண்ணுதான், ஆள் வேற

ஃபைல்ல டிக் இல்ல, ஆனா 'ஆக்சஸ் டினைட்' வருது. பழைய லேப்டாப் போயிடுச்சு, அதோட ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி ஒரு கேஸ்ல போட்டு புது லேப்டாப்ல மாட்டியிருக்கீங்க. இல்ல விண்டோஸைப் புதுசா போட்டிருக்கீங்க. அப்படின்னா விஷயம் பெர்மிஷன்தான்.

விண்டோஸ் உங்களைப் பேரை வெச்சு அடையாளம் பார்க்குறது இல்ல. ஒவ்வொரு அக்கவுன்ட்டுக்கும் பின்னாடி ஒரு நீள நம்பர் இருக்கு. எஸ்-1-5-21-னு ஆரம்பிச்சு அனுமார் வால் மாதிரி போகும். ஃபோல்டர் யாருக்குச் சொந்தம், யார் எழுதலாம்கறதெல்லாம் அந்த நம்பரை வெச்சுதான் பதிவாகுது. பழைய லேப்டாப்ல உங்க அக்கவுன்ட் பேர் என்னவோ, புதுசுலயும் அதே பேர் வெச்சிருக்கலாம். ஆனா நம்பர் வேற. டிஸ்க்கோட கண்ணுக்கு நீங்க அந்நியர். ப்ராப்பர்டீஸ்ல செக்யூரிட்டி டேப் போய்ப் பார்த்தா, 'அக்கவுன்ட் அன்நோன்'னு போட்டு அந்த நம்பர் மட்டும் தெரியும். அது வேற யாரும் இல்ல, பழைய நீங்கதான்.

சரி பண்றது எப்படி? திறக்கும்போது 'கன்டினியூ' பட்டன் வந்தா முதல்ல அதை அமுக்கிப் பாருங்க, பல நேரம் அதுவே போதும். இல்லைனா செக்யூரிட்டி டேப்ல அட்வான்ஸ்டு போங்க. மேல 'ஓனர்'னு இருக்கும், பக்கத்துல 'சேஞ்ச்'. அதுல உங்க இப்போதைய அக்கவுன்ட்டைக் கொடுங்க. உள்ள இருக்குற ஃபோல்டர்களுக்கும் பொருந்தணும்னு கீழ ஒரு டிக் வரும், அதையும் போடுங்க. அப்புறம் பெர்மிஷன்ல உங்களுக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' சேருங்க.

ஆனா இதை உங்க சொந்த ஃபோல்டருக்கு மட்டும் பண்ணுங்க. போட்டோஸ், டாக்குமென்ட்ஸ், அவ்வளவுதான். சி டிரைவ் மொத்தத்துக்கும், விண்டோஸ் ஃபோல்டருக்கும், புரோகிராம் ஃபைல்ஸுக்கும் ஓனரை மாத்தாதீங்க. அதையெல்லாம் விண்டோஸ் வேணும்னே உங்ககிட்ட இருந்து தள்ளி வெச்சிருக்கு. நீங்க மாத்த முடியாததை, நீங்க தெரியாம இறக்கின வைரஸும் சுலபமா மாத்த முடியாது இல்லையா?

ஒரு சின்ன துப்பு. ப்ராப்பர்டீஸ்ல செக்யூரிட்டி டேப்பே இல்லைனா அந்த டிரைவ் ஃபேட்32 இல்ல எக்ஸ்ஃபேட் முறையில இருக்கும். பெரும்பாலான பென் டிரைவ், மெமரி கார்டு இப்படித்தான். அந்த முறைகள்ல ஓனர், பெர்மிஷன்ங்கற விஷயமே கிடையாது. அதனால பென் டிரைவ் பிரச்சினைக்குப் பெர்மிஷன் பக்கம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரு ஆப் மட்டும் அடம் பிடிச்சா

எல்லா ஆப்லயும் சேவ் ஆகுது. ஒரே ஒரு வீடியோ எடிட்டரோ, ஒரு கேமோ மட்டும் டாக்குமென்ட்ஸ்ல, பிக்சர்ஸ்ல எழுத முடியலைங்குது. சில ஆப் 'ஃபைல் கிடைக்கலை'னு சம்பந்தமே இல்லாம உளறும். அப்படின்னா 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' ஆன்ல இருக்கான்னு பாருங்க.

2017 மே மாசம் வான்னாக்ரைனு ஒரு ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவிச்சு, ஞாபகம் இருக்கா? கம்ப்யூட்டர்ல இருக்குற ஃபைலையெல்லாம் பூட்டி வெச்சு, பணம் கொடுத்தாதான் திறப்பேன்னு மிரட்டும். அந்த வகை ஆபத்தைத் தடுக்க அதே வருஷக் கடைசியில விண்டோஸ் 10-ல வந்த வசதி இது. நம்பிக்கையான ஆப் மட்டும்தான் உங்க முக்கியமான ஃபோல்டர்கள்ல எழுதலாம், மத்ததெல்லாம் படிக்கிறதோட சரி. தானா ஆன் ஆகாது, நீங்களோ வீட்ல வேற யாரோ ஆன் பண்ணியிருக்கணும்.

விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதுல கீழ ரேன்சம்வேர் புரொடெக்ஷன். அங்க 'ஒரு ஆப்பை அனுமதி'ங்கற மாதிரி ஒரு வழி இருக்கும். நீங்க நம்புற அந்த ஒரு ஆப்பைச் சேருங்க. முழுசா ஆஃப் பண்ணாதீங்க. வாட்ச்மேன் ஒரு விருந்தாளியைத் தடுத்தார்னா அவர் பேரை லிஸ்ட்ல சேர்க்கணும், வாட்ச்மேனையே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

டிரைவே வேண்டாம்னு சொன்னா

இப்ப 19-ஆம் நம்பருக்கு வருவோம். முழு டிரைவும் ரைட் புரொடெக்டட். சுலபமானதுல இருந்து போகலாம்.

மெமரி கார்டா? பக்கவாட்டுல 'லாக்'னு ஒரு குட்டி தாழ்ப்பாள் இருக்கும். மைக்ரோ எஸ்டி கார்டுல அது இருக்காது, ஆனா அதைப் போடுற அடாப்டர்ல இருக்கும். சுவாரசியம் என்னன்னா அந்தத் தாழ்ப்பாளைப் பத்தி கார்டுக்கே ஒண்ணும் தெரியாது. கார்டு ரீடர்தான் அதைத் தடவிப் பார்த்து எழுதலாமா வேண்டாமானு முடிவு பண்ணும். அதனால தாழ்ப்பாள் உடைஞ்சு விழுந்துட்டா, கார்டு நிரந்தரமா பூட்டின மாதிரி தெரியும். அந்தப் பள்ளத்து மேல மெல்லிசா ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினா திறந்துக்கும்.

மேக்ல மாட்டுனீங்களா? விண்டோஸ் டிஸ்க் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில இருக்கும். மேக் அதைப் படிக்கும், ஆனா எழுதாது. டிரைவ் நல்லாத்தான் இருக்கு. ரெண்டுலயும் புழங்கணும்னா எக்ஸ்ஃபேட் முறைக்கு மாத்துங்க. அதுக்கு ஃபார்மேட் பண்ணணும், அதனால முதல்ல எல்லாத்தையும் வேற இடத்துல காப்பி எடுத்துடுங்க.

விண்டோஸும் உபுன்டுவும் ஒரே லேப்டாப்லயா? உபுன்டுவுல போனா விண்டோஸ் பார்ட்டிஷன் ரீட்-ஒன்லியா நிக்கலாம். விண்டோஸ் 8-ல இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'னு ஒண்ணு இருக்கு. நீங்க ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்துலதான் போகுது. தூங்குறவர் பையில இன்னொருத்தர் கையை விட்டா ஃபைல் சிஸ்டம் கெட்டுப் போகலாம்னு லினக்ஸ் ஒதுங்கி நிக்குது. விண்டோஸ்ல இருந்து ரீஸ்டார்ட் கொடுத்து உபுன்டுக்குப் போங்க. கேக்க வினோதமா இருக்கும், ஆனா ஷட் டவுனை விட ரீஸ்டார்ட்தான் முழுசா அணைக்குது.

ஆபீஸ் லேப்டாப்பா? அங்க பென் டிரைவ்ல எழுத விடாம கம்பெனியே கொள்கை போட்டு வெச்சிருக்கலாம். அதே பென் டிரைவ் வீட்ல வேலை செஞ்சா விடை கிடைச்சுது. அதை உடைக்கிற வழியை நான் சொல்லப் போறது இல்ல. ஐடி ஆளுங்ககிட்ட கேளுங்க, வேலை முக்கியம்.

டிஸ்க்பார்ட்: கத்தி மேல நடக்குற இடம்

இதுல எதுவும் இல்லைனா டிஸ்க்பார்ட். ஸ்டார்ட்ல கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தேடி, அட்மினா திறந்து, டிஸ்க்பார்ட்னு அடிங்க. அப்புறம் 'லிஸ்ட் டிஸ்க்'. வர்ற பட்டியல்ல அளவைப் பார்த்து உங்க பென் டிரைவ் எதுன்னு கண்டுபிடிங்க. 32 ஜிபி பென் டிரைவ் 29 சொச்சம்னு தெரியும், அது சரிதான். அந்த நம்பரைப் போட்டு 'செலக்ட் டிஸ்க்'. இங்க ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாருங்க. பெரும்பாலும் 0-ங்கறது உங்க கம்ப்யூட்டரோட சொந்த டிஸ்க்.

அடுத்து 'ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க்'. இது எதையும் மாத்தாது, நிலைமையை மட்டும் சொல்லும். ரெண்டு வரியைக் கவனிங்க. 'கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்'னு ஒண்ணு, 'ரீட்-ஒன்லி'னு ஒண்ணு. ரெண்டாவது 'யெஸ்'னு இருந்தா விண்டோஸ் போட்ட பூட்டு. 'ஆட்ரிப்யூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி'னு அடிச்சா எடுபடும். ரீட்ஒன்லி இங்க ஒரே சொல், நடுவுல இடைவெளியோ கோடோ வேண்டாம். உள்ள இருக்குற ஃபைல் எதுவும் போகாது.

ஆனா ரெண்டாவது 'நோ'னு சொல்லுது, முதல் வரி மட்டும் 'யெஸ்'னு சொல்லுது. அப்போ விண்டோஸ் பூட்டலை. பூட்டினது அந்த டிரைவ் தானேதான்.

இந்த இடத்துல தேடினா 'கிளீன்' கமாண்ட் போடுன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. பேர் நல்லா இருக்கு, தூசு தட்டுற மாதிரி. ஆனா அது அந்த டிஸ்க்கோட பார்ட்டிஷன் விவரத்தையே துடைச்சிடும். 'நிச்சயமா?'னு ஒரு வார்த்தை கூட கேக்காது. தப்பான டிஸ்க்கைச் செலக்ட் பண்ணியிருந்தா அவ்வளவுதான்.

டிரைவ் செய்யுற கடைசி உதவி

எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, ஒரு நாள் ராத்திரி போன் பண்ணாங்க. ஒரு பென் டிரைவ் ரீட்-ஒன்லி ஆயிடுச்சு, கடையில காட்டினா ஃபார்மேட் பண்ணா சரியாயிடும்னு சொல்றாங்க, பண்ணிடவாடான்னு கேட்டாங்க. உள்ள என்ன இருக்குக்கான்னேன். பாட்டி பாடின தாலாட்டும் நடவுப் பாட்டும். அக்கா ஊருக்குப் போய் போன்ல ரெகார்ட் பண்ணது. அந்த போனை வித்தாச்சு, பாட்டியும் இப்போ இல்ல. வேற எங்கயும் காப்பி கிடையாது.

"பாட்டு இப்ப ஓடுதாக்கா?"

"ஓடுதுடா. அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது. புதுசா எதுவும் போடத்தான் முடியலை."

"அப்போ ஃபார்மேட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். முதல்ல லேப்டாப்ல காப்பி பண்ணுங்க. முடிஞ்சதும் கிளவுட்ல ஒண்ணு ஏத்துங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

அக்கா போனை வைக்காமலே பண்ணாங்க. நாற்பது சொச்சம் ஃபைல், எல்லாம் வந்துடுச்சு. அப்புறம்தான் டிஸ்க்பார்ட் பார்த்தோம். பூட்டினது டிரைவ்தான். காப்பி கையில இருக்குன்ற தைரியத்துல ஃபார்மேட்டும் முயற்சி பண்ணோம், அதுவும் நடக்கலை. ஒரு மாசம் கழிச்சு செருகினா அந்தப் பென் டிரைவை கம்ப்யூட்டர் கண்டுக்கவே இல்ல.

இது ஏன் நடக்குதுன்னா, பென் டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி எல்லாமே ஃப்ளாஷ் மெமரி. அதுல ஒரு இடத்துல மறுபடி எழுதணும்னா முதல்ல ஒரு பிளாக்கையே அழிக்கணும். ஒவ்வொரு பிளாக்கும் இத்தனை தடவைதான் அழிக்கலாம்னு ஆயுசு உண்டு. கெட்டுப்போன பிளாக்குக்குப் பதிலா போட கொஞ்சம் உபரி பிளாக் வெச்சிருப்பாங்க. அந்த உபரியும் தீர்ந்துட்டா, டிரைவுக்குள்ள இருக்குற கன்ட்ரோலர் சிப் 'இனிமே எழுதினா இருக்குறதும் போகலாம்'னு தானே கதவைச் சாத்திக்கும். அதை எந்த கமாண்டாலயும் திறக்க முடியாது. திறக்கவும் தேவையில்ல. 'நான் கிளம்பப் போறேன், உன் பொருளை எடுத்துக்கோ'னு சொல்லுது, அவ்வளவுதான்.

லேப்டாப்ல இருக்குற என்விஎம்இ எஸ்எஸ்டியிலயும் இதுக்குன்னே ஒரு எச்சரிக்கைக் குறி வெச்சிருக்காங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற இலவச ஆப்ல டிரைவோட உடல்நிலையைப் பார்க்கலாம். 'காஷன்' இல்ல 'பேட்'னு வந்தா காரணம் ஆராய்றதுக்கு முன்னாடி பேக்கப். லினக்ஸும் இதே புத்தியோடதான் நடந்துக்கும். உபுன்டுவுல டிஸ்க்ல பிழை தட்டுப்பட்டா, ஃபைல் சிஸ்டத்தைத் தானா ரீட்-ஒன்லியா மாத்திடும், சேதம் பரவக் கூடாதுன்னு.

கரகரன்னு சத்தம் போடுற பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் இதே விதி. செக்டிஸ்க் ஓட்டலாம்னு தோணும். ஆனா சாகப் போற டிஸ்க்கை மணிக்கணக்குல உழைக்க வெச்சா, அது பாதியிலயே போயிடலாம். முதல்ல காப்பி, அப்புறம் ரிப்பேர்.

வரிசை இதுதான்

சுருக்கமா ஒரு தடவை. படிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா, வேற எதுவும் தொடாம முக்கியமானதைக் காப்பி எடுங்க, ரெண்டு இடத்துல. அப்புறம் எர்ரர் செய்தியைப் படிங்க. ஆக்சஸ் டினைட்னா ஃபைல் டிக், ஓனர், கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்னு போங்க. ரைட் புரொடெக்டட்னா தாழ்ப்பாள், வேற கம்ப்யூட்டர், டிஸ்க்பார்ட்ல நிலைமைனு போங்க. டிரைவ் தானே பூட்டியிருந்தா, அதுக்கு நன்றி சொல்லிட்டுப் புதுசு வாங்குங்க. ஃபார்மேட்டும் கிளீனும் எப்பவும் கடைசி, அதுவும் உள்ள இருக்குறது போனாலும் பரவாயில்லைங்கற நிலைமை வந்த பிறகுதான்.

இதைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. வீட்ல டிராயர்ல தூங்குற பழைய பென் டிரைவ், மெமரி கார்டையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணா செருகிப் பாருங்க. இன்னும் படிக்க முடியுற வரைக்கும்தான் நமக்கு நேரம் இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.